குழலில் விட்ட எண்ணெய்

எண்ணெய் வெடிக்கும். இந்த வயதில், தஞ்சாவூரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் நின்றுகொண்டு, இதைத் தெரிந்துகொண்டேன். ஒன்பது நாள் ஆகிறது. இன்னமும் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்க மறந்துவிடுகிறது.

நம் தெருவில் என்னோடு வளர்ந்து, இப்போது சென்னையிலும் திருச்சியிலும் கடல் தாண்டியும் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நீங்களும் களத்தில் நின்றீர்கள். பெரியப்பாவின் துப்பாக்கியில் எஞ்சின்காரர் வெடிமருந்து வைத்துவிட்டார் என்று நீங்களும் சொன்னீர்கள். நானும் சொன்னேன். அவர் வைக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எப்படி என்பது பின்னால் வருகிறது.

நான் நாள் குறிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் எப்போது மாடு கன்று ஈன்றது, ஆற்றில் தண்ணீர் எந்தக் கிழமை வந்தது என்றெல்லாம் எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதி வைத்தேன். அந்த வருஷத்து நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே தேதி சொல்லமாட்டேன். மாதமும் கிழமையும் மட்டும் நிச்சயம்.

அந்த வருஷம் வெண்ணாற்றில் தண்ணீர் தாமதமாக வந்தது. ஆனி முழுக்க நாற்றங்காலுக்குப் பெரியப்பாவின் டீசல் எஞ்சின்தான் தண்ணீர் கொடுத்தது. அதை ஓட்டிய எஞ்சின்காரர் கொட்டகையிலேயே கிடப்பார். நாம் எல்லோரும் பம்புத் தொட்டியில் குதித்துவிட்டு, கண் சிவந்து, அவர் தரும் வறுத்த பயற்றைத் தின்போம். அவர் கையிலிருந்து வாங்கினால் பயறும் டீசல் மணக்கும். அதையும் ருசித்துத் தின்றோம்.

"இதுக்கு வத்திப்பெட்டி எங்கே வைக்கிறீங்க?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"இதுக்கு வத்தி வேண்டாம் பாப்பா. காத்தைப் போட்டு நசுக்கினா அதுவே கொதிச்சுப்போவும். அதுல டீசல் விழுந்தா பத்திக்கும். நீ வேணா சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு பம்பைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அதையும் நோட்டில் எழுதினேன்.

பெரியப்பாவின் துப்பாக்கி உங்களுக்கு நினைவிருக்கும். காற்றுத் துப்பாக்கி, ஏர்கன் என்போம். களத்தில் காயும் நெல்லில் இறங்கும் பறவைகளை விரட்ட வாங்கியது. குழலை நடுவில் மடக்கினால் உள்ளே ஒரு கம்பிச்சுருள் சுருங்கும். ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்தி, விசையை இழுத்தால் சுருள் விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அதன் முகத்தில் தோல் வாஷர். வாஷர் காற்றை நசுக்கும், காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. சத்தமும் 'டப்' என்று தக்கை கழன்ற மாதிரிதான் கேட்கும்.

அந்த ஆனியில் அந்த 'டப்'பும் போய்விட்டது. பெரியப்பா வரப்பில் நின்ற மடையான் கொக்கைப் பார்த்துச் சுட்டார். குண்டு பாதி வழியில் தண்ணீரில் விழுந்தது. மடையான் அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், மீனா என்று குனிந்து பார்த்தது. அத்தை சிரித்த சிரிப்பில் பெரியப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வாஷர் காய்ந்துவிட்டது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த எண்ணெய் விடுவது என்பதில்தான் சண்டை. எஞ்சின் கொட்டகையில் அது ஒரு வாரம் நடந்தது.

"தேங்கா எண்ணெய் விடு. வீட்டுல இல்லாததா?" என்றார் பெரியப்பா.

"மார்கழியில உறைஞ்சுபோவுமுங்க ஐயா. அப்புறம் துப்பாக்கியை வெயில்ல காயப்போட்டுத்தான் சுடணும்," என்றார் எஞ்சின்காரர்.

"அப்ப உன் எஞ்சினுக்கு ஊத்துற ஆயில்?"

"அது வேண்டாமுங்க. தோலுக்கு ஆகாது. அடிபம்பு வாஷருக்கு வெளக்கெண்ணெயிலதான் ஊறப்போடுறோம். இதுவும் தோலுதானே."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திய அப்பாவிடம் வழக்குப் போயிற்று. அப்பா நீடாமங்கலத்தில் விஞ்ஞான ஆசிரியர். ஊரில் எந்தச் சந்தேகத்துக்கும் அவர்தான் கடைசிப் படி. "விளக்கெண்ணெய்க்குப் பிசுபிசுப்பு அதிகம். ஆனா தோலுக்கு நல்லதுதான்," என்று பாதித் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எஞ்சின்காரர் துப்பாக்கியைப் பிரித்து, வாஷரை ஒரு கொட்டாங்கச்சி விளக்கெண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்தார். துணியால் ஒற்றி எடுத்து மாட்டினார். 'டப்' திரும்பி வந்தது. புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை. அப்போது யாரும் அவரைப் பாராட்டினதாக எனக்கு நினைவில்லை.

ஆயுத பூஜை அந்த வருஷம் திங்கட்கிழமை. நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். இரும்பு என்று வீட்டில் இருக்கிற அனைத்தையும் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் அடுக்கவேண்டும். மறுநாள் விஜயதசமி காலை வரை எதையும் தொடக்கூடாது. அம்மா எனக்கு எண்ணெய் வேலை கொடுத்தாள். தையல் மிஷின் எண்ணெய். நீண்ட மூக்கும், அடியை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் தகரமுமாக இருந்த அந்தக் கேனை இப்போது எந்தக் கடையிலும் காணோம்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு விடு," என்றாள் அம்மா.

அரிவாளுக்கு ஒரு சொட்டு. பூட்டுக்கு ஒரு சொட்டு. அரிவாள்மணைக்கு வேண்டாம் என்று அத்தை தடுத்துவிட்டாள். துப்பாக்கியைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தியிருந்தார்கள், வாய் மேலே பார்த்தபடி. அது நோயாளி என்பது என் எண்ணம். ஆனியில் படுத்து எழுந்தது; அதற்கு ஒரு சொட்டு போதாது. கேனின் மூக்கை அதன் வாய்க்குள் விட்டு அழுத்தினேன். டிக், டிக், டிக். இருபத்தொன்று எண்ணினேன். கோயிலில் எதற்கும் இருபத்தொன்று சுற்றுவார்களே, அதனால். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த எண்ணெய் குழல் வழியே மெல்ல இறங்கி, அடியில் பிஸ்டன் இருக்கிற அறைக்குள் போய்ச் சேர ஒரு இரவு முழுக்க அவகாசம் இருந்தது. இதை நான் இப்போது கணக்கிட்டுச் சொல்கிறேன். அப்போது சுண்டலைத் தின்றுவிட்டுத் தூங்கப் போனேன்.

செவ்வாய் காலை ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை உபயோகித்துத் தொடங்கி வைத்தார்கள். அரிவாளால் ஒரு பிடி புல். எஞ்சினுக்கு ஒரு சுற்று. அப்பா எங்கள் சிலேட்டில் ஒரு வரி எழுதினார். கடைசியில் துப்பாக்கி. பூவரச மரத்தில் மண்ணெண்ணெய் டின்னின் தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். மரத்துக்கு அப்பால் வரப்பு. வரப்புக்கு அப்பால் நம் வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அது ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் துப்பாக்கி இத்தனை வருஷத்தில் அந்தத் தகட்டை நெளித்திருக்கிறதே தவிர, துளைத்ததில்லை.

பெரியப்பா விசையை இழுத்தார்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. நிஜத் துப்பாக்கிச் சத்தம். காக்கைகள் மொத்தமும் கிளம்பின. குழல் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. எரிந்த எண்ணெய்ச் சட்டியின் நாற்றம். பெரியப்பா துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். தகட்டில் ஒரு துளை. அதன் வழியே பச்சை தெரிந்தது. அதற்கப்புறம்தான் வயலிலிருந்து பெண்கள் கூப்பிடுவது கேட்டது.

நாற்றுக்கட்டு எடுக்க நிமிர்ந்த ஒருத்தியின் தோள்பட்டைக்குக் கீழே குண்டு பாய்ந்திருந்தது. அவள் எஞ்சின்காரரின் மனைவி. அவள் அழவில்லை. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு, சேற்றில் நின்றபடி, "என்னாது இது, என்னாது இது," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜாக்கெட்டின் கை நனைந்து முழங்கை வரை சிவந்து வந்தது. எஞ்சின்காரர் அவளைத் தூக்கி வண்டியில் வைத்து நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். குண்டை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள்.

மத்தியானம் அவர் ரத்தக்கறைச் சட்டையோடு திரும்பி வந்தபோது களத்தில் கூட்டம் கலையவில்லை. நாமும் வைக்கோல்போர் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"என்னடா வச்ச அதுல?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணும் வைக்கலீங்க ஐயா."

"சும்மாவா வெடிச்சுது? போன தீபாவளிக்குப் புள்ளைங்களுக்கு இரும்பு வேட்டுக்குழாய் செஞ்சு குடுத்தியே. அந்த மருந்தைக் கொட்டி வெளையாட்டுக் காட்டலாம்னு பார்த்தியா?"

"என் பொண்டாட்டி நடவுல நிக்கிறா. நான் வைப்பேனுங்களா?"

"அவ மேல படும்னு உனக்கு முன்கூட்டியே தெரியுமா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். "வாத்தியாரய்யா, நீங்க சொல்லுங்க. உள்ள எண்ணெய் அதிகமா போயிருக்கும். காத்து நசுங்கி, சூட்டுல எண்ணெய் பத்தியிருக்கும். எஞ்சின்ல நடக்குறது இதுலயும் நடந்திருக்குங்க."

அப்பா தன் அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு எஞ்சின்காரரைப் பார்த்தார். "நீ போட்டது விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் எங்கப்பா வெடிக்கும்? அதைக் குடிச்சவன் வயிறுதான் வெடிக்கும்."

களமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். உங்களில் ஒருவர் வைக்கோல்போரிலிருந்து உருண்டு விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. எண்ணெய் மேல் குற்றமில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டால், நான் விட்ட எண்ணெயைப் பற்றி யாரிடமும் சொல்லவேண்டியதில்லை.

எஞ்சின்காரர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தன் வினை தன்னைச் சுடும்," என்று யாரோ அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அந்த வாரமே குடும்பத்தோடு குடவாசலில் ஓர் அரிசி ஆலைக்குப் போய்விட்டார். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நம்மில் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

துப்பாக்கி அதற்குப் பிறகு சுடவில்லை. பரணுக்குப் போயிற்று.

போன மாதம் பெரியப்பாவின் பேத்தி பெங்களூரிலிருந்து பேசினாள். அவள் ரைபிள் சுடும் போட்டிகளுக்குப் போகிறவள். "அத்தை, தாத்தாவோட ஏர்கன் பரண்ல இருக்காமே. ரிப்பேர் பண்ணி வைங்களேன்," என்றாள். நான் தஞ்சாவூரில் இருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது. துப்பாக்கியை வரவழைத்து, பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர். துப்பாக்கியைப் பிரித்து மேசை விளக்கின் கீழ் வைத்தார். கம்பிச்சுருள் இரண்டாக உடைந்திருந்தது. தோல் வாஷர் கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது.

"யாரோ உள்ளே எண்ணெயை ஊத்தியிருக்காங்கம்மா," என்றார்.

"ஊத்தினா என்ன?"

"வெடிக்கும். காத்து அழுந்துற வேகத்துல பயங்கரமா சூடாகும். மிஷின் எண்ணெய் இருந்தா அப்படியே பத்திக்கும். குண்டு ரெண்டு மடங்கு வேகத்துல போகும். சுருள் உடையும். டீசல் எஞ்சின் மாதிரிதான்."

நான் நாற்காலியைத் தேடினேன். "வெடிமருந்து வச்சிருந்தா?"

"மருந்து வச்சா குண்டுக்குப் பின்னாடி, குழல்லதான் வைக்கணும். கரியும் அங்கதான் இருக்கும். இது பிஸ்டன் மூஞ்சியில இருக்கு பாருங்க. இது எண்ணெய்தான், சந்தேகமே இல்லை." பிறகு ஒரு சீட்டில் எனக்கு எழுதியே கொடுத்தார். பிஸ்டன் அறைக்குச் சிலிக்கான் எண்ணெய், வருஷத்துக்கு இரண்டு சொட்டு. சுருளுக்கு மாலிப்டினம் கிரீஸ், தடவியது கண்ணுக்குத் தெரியக்கூடாது. தையல் மிஷின் எண்ணெய், குழல் மடங்குகிற கீலுக்கு மட்டும், அதுவும் வெளியே. "குழலுக்குள்ளே ஒரு சொட்டுகூட விடாதீங்க," என்று அடிக்கோடு போட்டார்.

நான் இருபத்தொரு தடவை அழுத்தினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்று நாள் பொறுத்து, வெள்ளிக்கிழமை, குடவாசலுக்குப் பஸ் ஏறினேன். எஞ்சின்காரர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது என்று ஆலையில் சொன்னார்கள். அவர் மனைவி இருந்தாள். தெருக்கோடியில் சிமெண்ட் தளம் போட்ட புது வீடு. மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இடது கைதான் முறத்தைத் தூக்கியது. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"நான் வாத்தியார் மக," என்றேன்.

"மூக்கைப் பார்த்தாலே தெரியுதே. வாங்க, உக்காருங்க."

பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். கேன், எண்ணெய், கடைக்காரர், கரி எல்லாவற்றையும். சொல்லி முடித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய்தான்னு எங்களுக்குத் தெரியுமே," என்றாள்.

"எஞ்சின்காரர் சொன்னாரா?"

"அவரு அன்னைக்கே சொன்னாரு. அப்புறம் உங்கப்பாவும் வந்து சொன்னாருல்ல."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"ஐப்பசியில, நல்ல மழை. குடை புடிச்சுக்கிட்டு இங்க குடவாசலுக்கே, கொல்லை வழியா வந்தாரு. பள்ளிக்கூடத்துல எஞ்சின் பாடம் நடத்துனாராம். பாதியில சாக்பீஸை வச்சுட்டாராம். 'நீ சொன்னதுதான்ப்பா சரி, நான்தான் யோசிக்காம சொல்லிட்டேன். எண்ணெய்க் கேன் காலியா இருக்கு, எம் மகதான் ஊத்தியிருப்பா'ன்னாரு. கண்ணு கலங்கிட்டாரு."

"அப்புறம்?"

"'அண்ணன் தீர்த்துச் சொன்னதுக்கு எதிரா நான் களத்துல நின்னு பேச முடியாது. இது நம்மளோட இருக்கட்டும்'ன்னாரு."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'சரிங்கய்யா, நனைஞ்சிருக்கீங்க, காப்பி சாப்புடுறீங்களா'ன்னாரு. வேற என்னத்தைச் சொல்லுவாரு?"

என் அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் பாடம் நடத்தினார். பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நோட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்த விஜயதசமிப் பக்கத்திலும் போட்டிருந்தார். எஞ்சின்காரர் மருந்து வைத்தார் என்று நான் எழுதியிருந்த பக்கம். ஐப்பசிக்குப் பிறகும் அதை அடிக்கச் சொல்லவில்லை. அவர் சாகும்வரை நான் அவர் வார்த்தை ஒன்றைக்கூடச் சந்தேகித்ததில்லை. உளுந்துத் தூசியை மிதித்தபடி அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் நான் நேரம் குறிக்காத ஒரு பொழுது அது.

"நான் விட்ட எண்ணெய்க்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்," என்றேன் கடைசியில்.

"நீங்க சின்னப்புள்ள. பூசைக்கு எண்ணெய் விட்டீங்க. அதுல என்னா இருக்கு?" என்றாள். குரல் மாறவில்லை. "உங்கப்பா கொல்லையில வந்து சொன்னதைக் களத்துல வந்து சொல்லியிருக்கலாம். மில்லுல கடைசிவரைக்கும் இவருக்கு 'வெடிகாரர்'ங்கிறதுதான் பேரு. எங்க பையனுக்குப் பொண்ணு கேக்கப் போனா, 'மொதலாளி துப்பாக்கியில மருந்து வச்ச ஆளு மவனா'ன்னு ரெண்டு எடத்துல கேட்டாங்க. அவனே ஒரு நாள் அப்பன்கிட்ட கேட்டுட்டான், 'நெசமா வைக்கலியா'ன்னு. இவரு அன்னைக்குச் சாப்புடல."

"நீங்க மகன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். 'அப்பாவை நீ எங்க விட்டுக்குடுக்கப் போற'ன்னு சிரிச்சுட்டான்."

அவள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். இடது கட்டைவிரலால் தேடி, அழுத்தி, காதில் வைத்தாள். "சாப்புட்டியா? இரு. இங்க ஒருத்தங்க வந்திருக்காங்க, பேசு," என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கத் தயங்கினேன். அவள் கையை மடக்கவில்லை.

"யாருங்க?" என்றது ஓர் ஆண்குரல். பின்னால் ஏதோ வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

நான் யார் என்று சொன்னேன். "உங்க அப்பா மருந்து வைக்கலைங்க. எண்ணெயாலதான் வெடிச்சுது. அந்த எண்ணெயை விட்டது நான். அது எங்க அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் வெளியில சொல்லாம இருந்துட்டாரு."

வண்டிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவர் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் இருங்க," என்றார். "வீட்டுக்குள்ள போறேன். எம் பொண்டாட்டி இருக்கா, மாமனார் வந்திருக்காரு. சத்தமா வைக்கிறேன். மொதல்லேருந்து ஒருதரம் சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.